கிறிஸ்தவ கவுன்சிலிங் ஆரம்பிக்கப் போறீங்களா? போர்டு மாட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுருங்க

சபையில ஒருத்தருக்கு "நல்லா காது குடுத்துக் கேப்பாரு"ன்னு பேரு வந்துட்டா போதும், கொஞ்ச நாள்லயே யாராவது வந்து "பிரதர், நீங்க ஏன் தனியா ஒரு கவுன்சிலிங் சென்டர் ஆரம்பிக்கக் கூடாது, கர்த்தர் உங்களுக்கு அந்த வரத்தைக் குடுத்துருக்காரே"ன்னு ஆரம்பிச்சுருவாங்க. அப்புறம் புறாவும் சிலுவையும் போட்ட ஒரு லோகோ, வசனத்துல இருந்து எடுத்த ஒரு பேரு, ரெண்டு சோபா, ஒரு டிஷ்யூ பாக்ஸ், விசிட்டிங் கார்டு எல்லாம் மளமளன்னு ரெடி ஆயிரும். "நான் யாரு, என்னால என்ன முடியும், என்ன முடியாது"ன்னு வர்றவங்ககிட்ட சொல்ற ஒரு பேப்பர் மட்டும் இருக்காது. என்னைக் கேட்டா லோகோவுக்கு முன்னாடி எழுத வேண்டியது அந்த பேப்பர்தான், ஏன்னா சட்டம், ஃபீஸ், ரகசியம், யாரை எங்க அனுப்புறதுன்ற எல்லாமே அதுல இருந்துதான் வருது.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்குவோம். கிறிஸ்தவ கவுன்சிலிங்னு ஒரே பேர்ல மூணு வேற வேற வேலை நடக்குது.

ஒண்ணு, போதகரோ சாப்ளினோ (ஆஸ்பத்திரி, ஜெயில் மாதிரி இடங்கள்ல ஊழியம் செய்யறவர்) செய்யற ஆத்தும பராமரிப்பு. இது காலங்காலமா இருக்கறது, ஆனா இதுக்கு முறையான பயிற்சின்னு வந்தது போன நூற்றாண்டுலதான். அமெரிக்காவுல ஆன்டன் பாய்சன்னு ஒரு போதகர், 1920ல அவரே கடுமையான மனநோய் வந்து ஆஸ்பத்திரியில இருந்தவரு, குணமாகி வெளிய வந்தப்புறம் 1925ல மாசசூசெட்ஸ்ல இருக்கற வூஸ்டர் மனநல மருத்துவமனைக்கு இறையியல் மாணவர்களைக் கூட்டிட்டுப் போயி, புஸ்தகத்தை மட்டும் படிக்காதீங்க, இந்த மனுஷங்களையும் படிங்கன்னு உக்கார வெச்சாரு. இன்னைக்கு சாப்ளின்களுக்குக் குடுக்கற மருத்துவமனைப் பயிற்சிக்கு வேர் அங்கதான் இருக்கு.

ரெண்டாவது, வேதாகம ஆலோசனை. 1970ல ஜே ஆடம்ஸ் எழுதின ஒரு புஸ்தகத்துக்கு அப்புறம் இது ஒரு இயக்கமாவே வளர்ந்துச்சு. மனுஷனோட பிரச்சனைகள்ல நிறைய சபையோட பொறுப்பு, அதை மனநல மருத்துவத்துகிட்ட ஒப்படைச்சுட்டோம், வசனத்தை வெச்சு அன்போட கண்டிச்சுத் திருத்தணும்ன்றது அவரோட வாதம். அவருக்குப் பின்னாடி வந்த டேவிட் பவ்லிசன் மாதிரி ஆளுங்க, பாவத்தை மட்டும் பாத்தா பத்தாது, அந்த ஆள் படற பாட்டையும் பாக்கணும்னு அதைக் கொஞ்சம் மென்மையாக்குனாங்க.

மூணாவது, உளவியலோ குடும்ப சிகிச்சையோ முறையாப் படிச்சு லைசென்ஸ் வாங்கி, கூடவே விசுவாசியாவும் இருந்து, கிளையன்ட் விரும்பினா விசுவாசத்தையும் சிகிச்சைக்குள்ள கொண்டு வர்ற ஆளு. இவங்களைப் பாத்து "உலக ஞானம்"னு முகம் சுளிக்கறவங்க உண்டு. அவங்களுக்கு ஒரு சின்ன தகவல், இன்னைக்கு எல்லா கவுன்சிலிங் வகுப்புலயும் பாடமா இருக்கற கார்ல் ரோஜர்ஸ் உளவியலுக்கு வர்றதுக்கு முன்னாடி நியூயார்க்ல ஒரு இறையியல் கல்லூரியில படிச்சுட்டு இருந்தவர்தான்.

இந்த மூணுல எதுவா இருந்தாலும் தப்பே இல்ல. மூணையும் கலக்கும்போதுதான் வம்பு. ஃபீஸ் மட்டும் லைசென்ஸ் வாங்கின தெரபிஸ்ட் மாதிரி, படிப்பு ரெண்டு நாள் செமினார், அதிகாரம் போதகர் மாதிரின்னு ஒருத்தர் உக்காந்தா, எதிர்ல இருக்கறவங்களுக்கு தான் யாருகிட்ட பேசிட்டு இருக்கோம்னே தெரியாது. அதனால மூணுல நீங்க எதுன்னு ஒரே வாக்கியத்துல எழுதிப் பாருங்க, எழுத முடியலைன்னா இன்னும் ஆரம்பிக்கற நேரம் வரல.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதனால நீங்க இருக்கற இடத்துல விசாரிச்சே ஆகணும். அமெரிக்காவுல ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியா லைசென்ஸ் குடுக்குது, போதகர்கள் தங்களோட ஊழியத்தின் பாகமா ஆலோசனை குடுத்தா பல மாநிலங்கள்ல விலக்கு உண்டு, ஆனா அதே போதகர் தனியா ஆபீஸ் போட்டு ஃபீஸ் வாங்க ஆரம்பிச்சா கதை மாறிரலாம். பிரிட்டன்ல கவுன்சிலர்ன்ற பட்டத்துக்கு சட்டப் பாதுகாப்பே கிடையாது, தொழில் சங்கங்களோட பதிவேட்டை வெச்சுத்தான் ஜனங்க தரம் பாக்கறாங்க. இந்தியாவுல கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போட்டுக்கணும்னா 1992 சட்டப்படி அமைஞ்ச மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு வேணும், அதுக்கு மேல 2021ல வந்த இன்னொரு சட்டம் மனநலம் சார்ந்த வேற பல வேலைகளையும் ஒழுங்குக்குள்ள கொண்டு வருது. எந்த நாடா இருந்தாலும் ஒண்ணு பொதுவானது, சட்டம் தடுக்கலைன்றதுக்காக "டிப்ரஷனைக் குணப்படுத்துறோம்"னு போர்டுல எழுதக்கூடாது. படிக்காத பட்டத்தை, "டாக்டர்"ன்ற கௌரவப் பட்டம் உள்பட, கவுன்சிலிங் கார்டுல போடறதும் ஏமாத்துதான், சபை மேடையில சகிச்சுக்கற விஷயத்தை இங்க சகிக்க முடியாது.

சரி, அந்த பேப்பருக்கு வருவோம். ஒப்புதல் படிவம்னு சொல்வாங்க. ரெண்டு பக்கத்துக்கு மேல போகாம, ஸ்கூல் படிச்ச யாருக்கும் புரியற பாஷையில இருக்கணும். உங்க படிப்பு என்ன, பயிற்சி எங்க, லைசென்ஸ் இருக்கா இல்லையா, இல்லைன்னா இல்லைன்னே எழுதணும். செஷன் எவ்வளவு நேரம் (வழக்கமா 50 நிமிஷம்), ஃபீஸ் எவ்வளவு, வராம போனா என்ன, எத்தனை மணி நேரம் முன்னாடி சொல்லணும். ஜெபமும் வேத வசனமும் செஷன்ல வருமா, வேண்டாம்னா சொல்லலாமா. நீங்க எதையெல்லாம் ரகசியமா வெச்சுப்பீங்க, எந்த சூழ்நிலையில ரகசியத்தை உடைப்பீங்க. நோட்ஸ் எங்க இருக்கும், யாரு பாக்கலாம். திருப்தி இல்லைன்னா யாருகிட்ட புகார் சொல்லலாம். கையெழுத்து வாங்கறதுக்கு முன்னாடி வாசிச்சுக் காட்டி, கேள்வி இருக்கான்னு கேளுங்க, ஏன்னா சபைப் பழக்கத்துல நம்ம ஜனங்க நீட்டுன பேப்பர்ல எல்லாம் "சரிங்க பிரதர்"னு கையெழுத்துப் போட்டுருவாங்க.

இப்போ ரகசியம். இதைப் பத்திக் கொஞ்சம் விரிவாவே பேசணும், ஏன்னா கிறிஸ்தவ கவுன்சிலிங் கவுர்றது முக்கால்வாசி இங்கதான்.

உங்ககிட்ட வர்றவங்க பெரும்பாலும் உங்க சபையில இருந்தோ, தெரிஞ்ச சபையில இருந்தோதான் வருவாங்க. அவங்க மாமியார் உங்க மனைவியோட பெண்கள் கூட்டத்துல இருப்பாங்க, அவங்க பையன் உங்க ஞாயிறு பள்ளி கிளாஸ்ல இருப்பான். ரகசியம் வெளிய போறது வம்பு பேசறவங்களால இல்ல, நல்லவங்களாலதான் போகும், அதுவும் ஜெபக்குறிப்புன்ற பேர்ல போகும். "பேர் சொல்ல விரும்பல, நம்ம சபையில ஒரு குடும்பம், ரெண்டு பிள்ளைங்க, கணவர் வெளிநாட்டுல, அவங்களுக்காக பாரத்தோட ஜெபிச்சுக்குங்க"ன்னு சொன்னா அது யாருன்னு கண்டுபிடிக்க சபைக்கு அரை நிமிஷம் போதும். பேர் சொல்லாததால ரகசியம் காப்பாத்தினதா ஆகாது. ஜெபக்குழு வாட்ஸ்அப்புக்கு கவுன்சிலிங் அறையில இருந்து ஒரு எழுத்து கூட போகக்கூடாது, அவங்களே "போடுங்க"ன்னு கேட்டாலொழிய. உண்மையுள்ளவன் காரியத்தை அடக்குவான்னு நீதிமொழிகள் 11:13ல இருக்கறதை உங்களுக்கே எழுதினதா நினைச்சுக்குங்க.

அடுத்தது பாஸ்டர். அவர்தான் ஆளை அனுப்பியிருப்பாரு, ஒருவேளை சபைதான் ஃபீஸும் கட்டும். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் தோள்ல கை போட்டு "அந்த தம்பி எப்படி இருக்கான், ஏதாவது முன்னேற்றம் தெரியுதா"ன்னு கேப்பாரு, அக்கறையோடதான் கேப்பாரு. அந்த நேரத்துல என்ன சொல்றதுன்னு யோசிக்கக் கூடாது, முன்னாடியே வாயில இருக்கணும். "ஐயா, யாரு வர்றாங்க வரலைன்றதே நான் சொல்ற விஷயம் இல்லீங்க, நீங்க அவரையே கேளுங்க, நீங்க கேட்டா சந்தோஷப்படுவாரு." அவ்வளவுதான். சபை ஃபீஸ் கட்டுனா, எத்தனை செஷன் நடந்துச்சுன்னு பில்லுல போகலாம், அதுவும் கிளையன்ட் ஒத்துக்கிட்டாதான், உள்ள என்ன பேசினோம்ன்றது போகாது. இதை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பாஸ்டர்கிட்ட உக்காந்து பேசி ஒரு கடிதமா எழுதி வெச்சுக்கிட்டா பின்னாடி மனஸ்தாபம் வராது. சபை ஒழுங்கு நடவடிக்கைக்கு கவுன்சிலிங் நோட்ஸைக் கேக்கற மூப்பர் குழுவும் உண்டு, அதுக்கும் பதில் இப்பவே முடிவு பண்ணிக்குங்க.

அதே சமயம் எல்லாத்தையும் ரகசியமா வெச்சுக்கறேன்னு வாக்கு குடுத்துறாதீங்க. கத்தோலிக்க பாவசங்கீர்த்தனத்துல குருவானவருக்கு இருக்கற, எதுக்காகவும் வெளிய சொல்லக்கூடாதுன்ற ரகசிய முத்திரை கவுன்சிலருக்குக் கிடையாது. உயிரை மாய்ச்சுக்கற அபாயம், இன்னொருத்தரைத் தாக்கற அபாயம், பிள்ளைங்களுக்கு நடக்கற கொடுமை, கோர்ட் உத்தரவு, இதுல எல்லாம் வெளிய சொல்ல வேண்டி வரலாம். உதாரணத்துக்கு இந்தியாவுல 2012 போக்சோ சட்டத்தோட 19வது பிரிவுப்படி, பிள்ளைங்க மேல பாலியல் குற்றம் நடந்தது தெரிஞ்ச யாரா இருந்தாலும் போலீஸ்ல சொல்லியே ஆகணும், சொல்லாம மறைச்சா அதுவே குற்றம். "சபைக்கு அவப்பேரு வரும், உள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்"னு யாராவது சொன்னா, அங்க உக்காந்து பேச்சுவார்த்தை நடத்தறது உங்க வேலை இல்ல.

முதல் செஷன் எப்படி இருக்கணும்? பேச்சைக் குறைங்க. எரிகோ வழியில கண்ணு தெரியாத பர்திமேயு கூப்பிட்டப்போ, அவருக்கு என்ன வேணும்னு ஊருக்கே தெரியும், அப்பவும் இயேசு "நான் உனக்கு என்ன செய்யணும்"னு கேக்கறாரு. அதே கேள்விதான் முதல் கேள்வி. யோபோட நண்பர்களைப் பாருங்க, ஏழு நாள் ராத்திரி பகலா ஒரு வார்த்தை பேசாம தரையில கூட உக்காந்திருந்தாங்க, வாயைத் திறந்தப்புறம்தான் எல்லாம் கெட்டுச்சு. எலியா சூரைச்செடிக்குக் கீழ படுத்துக்கிட்டு என் உயிரை எடுத்துக்கங்க ஆண்டவரேன்னு கெஞ்சினப்போ வந்த தேவதூதன் ஒரு பிரசங்கமும் பண்ணல. எழுப்பி சாப்பிட வெச்சான், திரும்பத் தூங்க விட்டான், மறுபடி சாப்பிட வெச்சான். கேள்வி எல்லாம் பின்னாடி ஓரேப் மலையிலதான் வருது. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, டாக்டரைப் பாத்து எவ்வளவு நாளாச்சுன்னு கேக்கறது ஆவிக்குரிய கேள்வி இல்லைன்னு நினைக்கறவங்க அந்த அதிகாரத்தை இன்னொரு தடவை படிக்கலாம், 1 இராஜாக்கள் 19.

கூடவே ஒரு எளிய கருவியும் பழகிக்குங்க. மனச்சோர்வைப் பத்திக் கேக்கற பிஎச்க்யூ-9னு ஒரு கேள்வித்தாள் இலவசமாவே கிடைக்குது, போன ரெண்டு வாரத்தைப் பத்தி ஒம்பது கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 3 வரைக்கும் மார்க், மொத்தம் 27. 10ஓ அதுக்கு மேலயோ வந்தா மனச்சோர்வு இருக்கான்னு கவனமா பாக்கணும்னு அர்த்தம், இது நோயை உறுதி பண்ற டெஸ்ட் இல்ல. ஒம்பதாவது கேள்வி செத்துப்போகலாம்னு தோணுதான்றது, அதுல பூஜ்யத்தைத் தவிர எதைப் போட்டிருந்தாலும் அன்னைக்கே நேரடியா பேசணும். கேட்டா நாமளே அந்த எண்ணத்தைக் குடுத்த மாதிரி ஆயிருமோன்னு பயப்பட வேண்டாம், அப்படி ஆகாது, கேட்டாதான் பலருக்கு மூச்சே வரும். தைராய்டு குறைஞ்சாலும் மனச்சோர்வு மாதிரியே இருக்கும்ன்றதால டாக்டர்கிட்ட ஒரு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பறதும் நல்ல ஆலோசனைதான்.

கிறிஸ்தவ கவுன்சிலர்கிட்ட மட்டும் குறிப்பா வர்ற ஒரு விஷயம் சொல்றேன். "நான் மன்னிக்க முடியாத பாவம் பண்ணிட்டேனோ"ன்னு ஒருத்தர் வருவாரு. நீங்க வசனம் காட்டி இல்லைன்னு சொல்வீங்க, நிம்மதியா போவாரு. மறுநாள் போன் வரும், அதே கேள்வி. ஜெபத்துல ஒரு வார்த்தை தப்பா வந்துருச்சுன்னு முதல்ல இருந்து திரும்ப ஜெபிப்பாரு, பாவத்தை அறிக்கை பண்ணினது சரியா பண்ணினோமான்னு மறுபடி அறிக்கை பண்ணுவாரு. மார்ட்டின் லூத்தர் துறவியா இருந்த காலத்துல மணிக்கணக்கா பாவ அறிக்கை பண்ணி, அவரோட ஆத்தும வழிகாட்டி ஸ்டௌபிட்ஸையே சலிச்சுக்க வெச்சாருன்னு வரலாறு. இப்படி ஓயாம சுத்துறது ஓசிடியோட (வேண்டாத எண்ணமும் அதைத் தணிக்கற செயலும் திரும்பத் திரும்ப வர்ற மனநலப் பிரச்சனை) ஒரு வகையா இருக்கலாம். அப்படி இருந்தா நீங்க ஒவ்வொரு தடவையும் வசனம் காட்டி ஆறுதல் சொல்றதே அந்த சுழலுக்குத் தீனி போடும், கேட்டதும் தற்காலிகமா நிம்மதி, உடனே அடுத்த சந்தேகம். இதுக்கு தனிப் பயிற்சி பெற்ற தெரபிஸ்ட் இருக்காங்க, அவங்ககிட்ட அனுப்பிட்டு, அவங்க போற திசையிலேயே நீங்களும் பேசறதுதான் உதவி. விசுவாசக் குறைவுன்னு மட்டும் சொல்லிறாதீங்க, அந்த ஆளு ஏற்கெனவே தனக்குத்தானே ஆயிரம் தடவை அதைச் சொல்லிட்டுத்தான் வந்திருப்பாரு.

ஜெபத்தைப் பத்தி. கேட்டுட்டு ஜெபிங்க. "இன்னைக்கு ஜெபிச்சு முடிக்கலாமா, நீங்க ஜெபிக்கறீங்களா நான் ஜெபிக்கவா, இல்ல வேண்டாமா"ன்னு ஒவ்வொரு தடவையும் கேளுங்க. சபைத் தலைவர் ஒருத்தராலேயே காயப்பட்டு வந்தவங்களுக்கு கண்ணை மூடுற ஜெபமும், தலையில கை வெக்கறதும் பயத்தைக் கிளப்பலாம். அழுகை அதிகமாகும்போது சட்டுனு "வாங்க ஜெபிப்போம்"னு நிறுத்தறதும் ஒரு தப்பித்தல்தான், அது அவங்களுக்காகவா, நம்மளால உக்காந்து கேக்க முடியாததாலயான்னு உள்ளுக்குள்ள கேட்டுக்கணும். சங்கீதம் 88 இருட்டுலயே முடியுது, அதுக்கு அப்புறம் ஒரு ஸ்தோத்திரம் கூட இல்ல. வேதத்துலயே அதுக்கு இடம் இருக்கும்போது உங்க அறையிலயும் இருக்கலாம்.

எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சிருக்கணும். குரல் கேக்குது, யாரோ துரத்தறாங்க, பல நாளா தூங்காம அளவுக்கு மீறின உற்சாகம், பல நாள் சாப்பிடாம இருக்கறது, போதை விட முடியாத நிலை, இதெல்லாம் மனநல மருத்துவர்கிட்ட போகணும். பிசாசா நோயான்னு நீங்க தீர்ப்பு சொல்லிட்டு இருக்கற நேரத்துல வைத்தியம் தள்ளிப் போயிரும். மாத்திரையை நிறுத்துங்கன்னு மட்டும் எந்தக் காரணம் கொண்டும் சொல்லக்கூடாது, ஜெபத்துல உங்களுக்கு எவ்வளவு உறுதி கிடைச்சிருந்தாலும். அடுத்து, அடி உதை நடக்கற வீட்டுல கணவன் மனைவியை ஒண்ணா உக்கார வெச்சு பேசறது ஆபத்து. உங்க முன்னாடி அவங்க சொன்ன உண்மைக்கு வீட்டுக்குப் போய் அடி விழும். அதனால தம்பதி கவுன்சிலிங்னு வந்தா ஆரம்பத்துலயே ரெண்டு பேரையும் தனித்தனியா பாத்து பயம் இருக்கான்னு கேட்டுருங்க. எபேசியர் 5ல மனைவியைக் கீழ்ப்படியச் சொல்ற 22ம் வசனத்தைத் தூக்கிட்டு வர்றவருக்கு, ஒருத்தருக்கொருத்தர் கீழ்ப்படியச் சொல்ற 21ஐயும் கணவனை மனைவிகிட்ட அன்பா இருக்கச் சொல்ற 25ஐயும் யாரும் காட்டியிருக்க மாட்டாங்க, ஆனா அந்த வேத பாடத்துக்கு முன்னாடி அந்தப் பொண்ணோட பாதுகாப்பு இருக்கு. ஒரு மனநல மருத்துவர், ஒரு பொது மருத்துவர், ஒரு வக்கீல், பெண்களுக்கான காப்பகம், அவசர உதவி எண், இந்தப் பட்டியல் கதவு திறக்கறதுக்கு முன்னாடி மேஜையில இருக்கணும், அவங்கள்ல ரெண்டு பேரையாவது நேர்ல போய் பாத்துட்டு வந்திருக்கணும்.

ஃபீஸ் விஷயத்துல ரொம்ப கூச்சப்படறோம். ஊழியத்துக்கு காசு வாங்கலாமான்னு. வேலையாள் கூலிக்குப் பாத்திரன்னு பவுல் எழுதினது இதுக்கும் பொருந்தும். "முடிஞ்சதைக் குடுங்க"ன்னு விட்டா, குடுக்க முடியறவங்க குறைச்சுக் குடுப்பாங்க, முடியாதவங்க வெக்கப்பட்டு வரவே மாட்டாங்க. வருமானத்துக்கு ஏத்த மாதிரி மூணு நாலு படியா ஃபீஸை எழுதி வெச்சுட்டு, வாரத்துக்கு இத்தனை இடம் இலவசம்னு ஒதுக்கிட்டா யாருக்கும் தர்மசங்கடம் இல்ல. கணக்கு போடும்போது ஒண்ணு மறக்காதீங்க, முழுநேரம்னா வாரத்துக்கு 40 கிளையன்ட் கிடையாது, 20, 25க்கு மேல போனா கேக்கற காது மரத்துரும், நோட்ஸ் எழுத, போன் பேச, படிக்க எல்லாம் நேரம் தனியா வேணும். அறை வாடகை, தொழில் பொறுப்பு இன்சூரன்ஸ், உங்களைக் கண்காணிக்கற சீனியருக்கு ஃபீஸ், இதெல்லாம் அந்த 20 செஷன்ல இருந்துதான் வரணும். தனி பேங்க் அக்கவுன்ட் வெச்சுக்குங்க, காணிக்கையும் ஃபீஸும் ஒரே பையில விழவே கூடாது.

ஆள் எப்படி வருவாங்க? மத்த தொழில்ல சந்தோஷப்பட்ட கஸ்டமர் நாலு பேருகிட்ட சொல்லணும்னு கேப்போம். இங்க கேக்கக் கூடாது. சாட்சி சொல்றது சபையில ரொம்ப இயல்பு, அதனால "உங்க திருமணத்தை கர்த்தர் எப்படிக் கட்டினாருன்னு நம்ம பேஜுக்கு ஒரு சின்ன வீடியோ குடுங்களேன்"னு கேக்கத் தோணும். உங்களுக்கு நன்றிக்கடன் பட்ட ஆளு முடியாதுன்னு சொல்ல மாட்டாரு, அதுதான் பிரச்சனையே. சில கவுன்சிலர் சங்கங்களோட ஒழுக்க நெறிகள் இதைத் தடுக்கறதும் அதனாலதான். அதுக்குப் பதிலா சபைகள்ல போய் துக்கத்தைப் பத்தி, பிள்ளை வளர்ப்பைப் பத்தி ஒரு வகுப்பு எடுங்க. நீங்க பேசற விதத்தைப் பாத்து வர்றவங்க வருவாங்க, மெதுவாத்தான் வருவாங்க.

நெருக்கமான சொந்தம், வேலையில கூட இருக்கறவங்க, வீட்டுக்குள்ள வந்து போற சிநேகிதங்க, இவங்களை கிளையன்ட்டா எடுக்காதீங்க, வேற நல்ல ஆளைக் காட்டிவிடுங்க. எதிர்பாலார்கிட்ட பேசும்போது கதவுல கண்ணாடி இருக்கற அறை, வெளிய இன்னொருத்தர் இருக்கற நேரம், இதெல்லாம் சந்தேகத்துக்காக இல்ல, ரெண்டு பேரோட பாதுகாப்புக்கும்தான். ஆன்லைன் செஷன்னா ஒவ்வொரு தடவையும் இப்போ எந்த ஊர்ல இருக்கீங்க, பக்கத்துல யாராவது இருக்காங்களான்னு முதல்ல கேட்டுக்குங்க. அவசரம்னா எங்க உதவி அனுப்பறதுன்னு தெரியணும், உங்க லைசென்ஸ் அந்த ஊருக்குச் செல்லுமான்றதும் அதுலதான் இருக்கு.

கடைசியா, உங்களுக்கு மேல ஒருத்தர் வேணும். மோசே காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் தனியா உக்காந்து வழக்கு கேட்டதைப் பாத்து மாமனார் எத்திரோ சொன்னது, நீ செய்யறது நல்லா இல்ல, நீயும் தளர்ந்துருவே ஜனங்களும் தளர்ந்துருவாங்கன்னுதான். அனுபவம் உள்ள ஒரு கவுன்சிலரை மாசத்துக்கு ரெண்டு தடவையாவது பாத்து, பேர் அடையாளம் சொல்லாம உங்க கேஸ்களைப் பேசுங்க. அவர் உங்க சபை ஆளா இல்லாம இருந்தா இன்னும் நல்லது. அவர்கிட்டயோ, அதே மாதிரி நம்பகமான இன்னொரு கவுன்சிலர்கிட்டயோ ஒரு சீல் வெச்ச கவர் குடுத்து வெக்கணும். நாளைக்கு நீங்க ஆஸ்பத்திரியில படுத்துட்டா யாருக்கெல்லாம் போன் பண்ணி அப்பாயின்ட்மென்ட் ரத்துன்னு சொல்லணும், பைல் இருக்கற பீரோ சாவி எங்க, கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு என்ன, எத்தனை வருஷம் கழிச்சு எதை அழிக்கணும்ன்றது அதுல இருக்கணும். இந்த வேலையை உங்க வீட்டுக்காரங்ககிட்டயோ சபை ஆபீஸ்லயோ விட்டுறாதீங்க, அந்த பைல்ல இருக்கற பேருங்களை அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்.